‘எடுக்கப்பட்டது’ என்ற குறியும் அளக்கப்படாத இடுப்பும்: பெருமூளை வாதப் பராமரிப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

பெருமூளை வாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட சேதத்தால் உடலின் அசைவு பாதிக்கப்படும் நிலை) உள்ள ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, ‘நடத்தைப் பிரச்சினை, தூக்கமின்மை’ என்று எழுதிய பரிந்துரைக் கடிதத்தோடு எங்கள் குழந்தை வளர்ச்சி மையத்துக்கு வந்தாள். சில மாதங்களில் அவளுக்கு இரு பக்க இடுப்பிலும் எலும்பு அறுவை சிகிச்சை நடந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் என்ன கண்டோம், எதை ஏன் முடிவு செய்தோம் என்பதை, இதே வேலையில் இருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று பதிவு செய்கிறோம். குடும்பத்தின் ஒப்புதல் பெறப்பட்டது. அடையாளம் தரும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

## பின்னணி

29 வாரத்தில் பிறந்த குழந்தை. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சில நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தாள். தலை ஸ்கேனில், மூளையின் நீரறைகளை ஒட்டிய வெண்பொருள் சேதமடைந்து சிறு நீர்க்கட்டிகளாக மாறியிருந்தது தெரிந்தது. குறைமாதக் குழந்தைகளில் பெருமூளை வாதத்துக்கு இட்டுச்செல்லும் காரணங்களில் இது முக்கியமானது.

முதல் இரண்டு ஆண்டுகள் அவளைப் பார்த்த மருத்துவமனை நன்றாகவே பார்த்திருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017ல் வெளியிட்ட தரநிலை, பெரிய ஆபத்துக் காரணி உள்ள குழந்தைகளுக்குத் திருத்திய வயது இரண்டு ஆகும்வரை கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்கிறது. பிறந்த நாளிலிருந்து இல்லாமல், எதிர்பார்த்த பிரசவ தேதியிலிருந்து கணக்கிடும் வயதுதான் திருத்திய வயது. அந்தக் கண்காணிப்பு இவளுக்குக் கிடைத்தது. மூன்று மாதத்தில் அவளுடைய இயல்பான அசைவுகளை வீடியோ எடுத்துப் பார்த்தார்கள்; கை கால்களில் இருக்க வேண்டிய சிறு துடிப்பசைவுகள் இல்லை. நரம்பியல் பரிசோதனை மதிப்பெண்ணும் குறைவு. ஒன்பதாம் மாதத்திலேயே பெருமூளை வாதம் என்று பெற்றோரிடம் சொல்லி, சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். எட்டு மாதத்தில் உட்காரவில்லை, பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்து உறுதி செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இரு பக்கமும் பாதிக்கும் விறைப்பு வகை; கைகளைவிடக் கால்களில் அதிகம். பெரிய அசைவுகளை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜிஎம்எஃப்சிஎஸ் வகைப்பாட்டில் நான்காம் நிலை. அதாவது தானாக நடக்க முடியாது, சாய்மானம் இருந்தால் உட்காரலாம், வெளியே போகச் சக்கர நாற்காலி வேண்டும். மூன்று வயதில் வலிப்பு வந்து மருந்தில் இருக்கிறாள். பேச்சு இல்லை. ஆனால் காது நன்றாகக் கேட்கும். சொல்வதில் பெரும்பகுதி புரியும் என்பது அம்மாவின் உறுதியான கருத்து.

ஐந்து வயதில் குடும்பம் வேறு ஊருக்கு இடம் மாறியது. பழைய இடத்திலிருந்து ஒரு பக்கச் சுருக்கக் குறிப்பு மட்டும் வந்தது. அதில் இடுப்பு பற்றி இருந்தது ஒரே வரி: ‘இடுப்பு எக்ஸ்ரே – எடுக்கப்பட்டது.’ பக்கத்தில் ஒரு டிக்.

## வந்தபோது இருந்த நிலை

கடந்த ஓராண்டாகப் பகலில் திடீர் திடீரென்று வீறிடுகிறாள், புறங்கையைக் கடிக்கிறாள், இரவில் நாலைந்து முறை விழிக்கிறாள் என்றார்கள். புறங்கையில் தடித்துப்போன தழும்பு இருந்தது. பள்ளியில் மதியத்துக்குப் பிறகு அழுகை. பாதி நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதற்காகத் தூக்கத்துக்கான மெலடோனின் மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. நடத்தைப் பயிற்சியும் நடந்தது: அழாமல் இருந்தால் ஸ்டிக்கர், அழுதால் கண்டுகொள்ளாமல் இருப்பது. எதுவும் பெரிதாகப் பலன் தரவில்லை.

கடிதத்தில் கேட்டிருந்தது நடத்தைப் பயிற்சியைத் தீவிரப்படுத்தத்தான். அதைத் தள்ளிவைத்தோம். காரணம் எளிது. பெருமூளை வாதமுள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012ல் வெளியான ஓர் அலசல், நான்கில் மூன்று பேருக்கு வலி இருப்பதாகச் சொல்கிறது. நடத்தைக் கோளாறு நான்கில் ஒருவருக்கு. பேச முடியாத குழந்தை வீறிட்டால் முதலில் தேட வேண்டியது எதை என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

அம்மாவிடம் ஒரு வாரத்துக்கு நேரக்குறிப்பு எழுதித் தரச் சொன்னோம். எப்போது அழுகிறாள் என்பது மட்டும் போதாது. அழுவதற்குச் சற்றுமுன் அவள் உடல் எந்த நிலையில் இருந்தது, யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். பழைய டைரி ஒன்றின் மிச்சப் பக்கங்களில், நெருக்கி நெருக்கி எழுதிக் கொண்டுவந்தார். படித்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. டயப்பர் மாற்றும்போது. வண்டியில் ஏற்றத் தூக்கும்போது. சாப்பிட்ட பிறகு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும்போது. இரவில் வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால். நிற்கவைக்கும் சட்டத்தில் ஆறு மாதம் முன்புவரை சந்தோஷமாக நின்றவள், இப்போது பட்டையைக் கட்டும்போதே உடலை முறுக்குகிறாள். ‘முதல்ல எல்லாம் நிக்கப் போறோம்னாலே சிரிப்பா’ என்று ஓரத்தில் ஒரு வரி.

இதில் ‘கேட்டது கிடைக்கவில்லை’ என்று அழுத இடம் ஒன்றுகூட இல்லை.

## பரிசோதனையில் கண்டது

டயப்பர் மாற்றுவதை எங்கள் முன்னால் செய்து காட்டச் சொன்னோம். சோதனை மேசையில் ஒரு டாக்டர் காலைப் பிடித்து அளப்பதைவிட இது அதிகம் சொல்லும். அம்மா இடது காலை அகற்றினார். சிறுமி கூரையைப் பார்த்தபடி இருந்தாள். வலது காலில் கை வைத்ததும் முகம் மாறியது. கண்ணை இறுக்கினாள், கை வாய்க்குப் போனது, வலது முழங்கால் இடது பக்கமாக ஒடுங்கியது. அம்மாவோ, தன்னை அறியாமலே, வலது காலை அகற்றாமல் இரு கால்களையும் சேர்த்துத் தூக்கித் துணியை நுழைத்தார். ‘எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்டதற்கு, யோசித்துவிட்டு, ‘எப்பவுமே இப்படித்தானே டாக்டர்’ என்றார். அப்புறம், ‘இல்ல, சின்னதில் இப்படி இல்ல’ என்றார்.

அளந்து பார்த்ததில் இடது இடுப்பு 35 டிகிரி வரை அகன்றது, வலது 15 டிகிரியிலேயே நின்றுவிட்டது. மல்லாக்கப் படுக்கவைத்து இரு முழங்கால்களையும் மடக்கினால், வலது முழங்கால் தாழ்ந்து தெரிந்தது. உட்காரவைத்தால் இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்து, உடல் மறுபக்கம் சாய்ந்தது.

வலிக்கு ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. இந்தக் குழந்தைகளுக்கு மலச்சிக்கல், உணவு எதுக்களிப்பு, தசை இறுக்கம் எல்லாம் சேர்ந்தே வரும். எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற பல்வலியும் காதுவலியும் வேறு. பார்த்ததில் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. மலம் கழிப்பது நான்கு நாளுக்கு ஒருமுறை, கட்டியாக. இரண்டையும் குறித்துக்கொண்டோம்.

பேச்சுப் பயிற்சியாளர் செய்த வேலையைத்தான் இந்த ஆய்வின் முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். அதுவரை யாரும் சிறுமியிடம் நேராகக் கேட்டதில்லை. அவள் மேலே பார்த்தால் ‘ஆமாம்’, முகத்தைத் திருப்பினால் ‘இல்லை’ என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு புரிதல் இருந்தது. எந்த மருத்துவக் குறிப்பிலும் அது ஏறவில்லை. அந்தப் பதில்களை நம்பலாமா என்று பார்க்க, விடை தெரிந்த கேள்விகளை முதலில் கேட்டார்: இது அம்மாவா, நீ சாப்பிட்டாச்சா, இது நாயா. சரியாகச் சொன்னாள். பிறகு உடல் படம் ஒன்றை வைத்துத் தலை, வயிறு, முதுகு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி ‘இங்கே வலிக்கிறதா?’ என்று கேட்டார். வயிற்றுக்கு ஆமாம். வலது முழங்காலுக்கு ஆமாம். இந்த முறை மேலே பார்த்த பார்வையை இறக்கவே இல்லை. இடுப்புக்கு இல்லை.

முழங்கால் என்று அவள் சொன்னது எங்களைக் குழப்பவில்லை. இடுப்பு மூட்டின் வலி தொடை வழியாக முழங்காலில் தெரிவது வழக்கம். இரண்டு இடத்துக்கும் பொதுவான நரம்பு உண்டு. விசாரித்தால், எட்டு மாதம் முன்பே முழங்காலைத் தொட்டால் அழுகிறாள் என்று ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். முழங்கால் எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள்.

## எக்ஸ்ரேயும் பழைய படங்களும்

முதலில் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே பயன்படவில்லை. வலியில் உடலை முறுக்கியதில் இடுப்பு சாய்ந்து, கால்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அப்படி எடுத்த படத்தில் மூட்டு விலகல் கூடவோ குறையவோ தெரியும். பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருந்து, அம்மா தலைமாட்டில் நிற்க, முழங்காலுக்கடியில் உருளை வைத்து முதுகின் வளைவைத் தட்டையாக்கி, முழங்கால் சில்லு மேல்நோக்கி இருக்கும்படி கால்களை இணையாக வைத்து மறுபடியும் எடுத்தோம். எக்ஸ்ரே தொழில்நுட்பர் இதற்கு நேரம் ஒதுக்கினார். ஒதுக்கியிருக்காவிட்டால் அடுத்து வரும் எண்களுக்கு மதிப்பில்லை.

பெருமூளை வாதமுள்ள குழந்தையின் இடுப்பு பிறக்கும்போது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நிற்காததாலும் நடக்காததாலும் தொடை எலும்பின் கழுத்து குழந்தைப் பருவ வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. உள்தொடைத் தசையின் இழுவை எலும்பின் தலையை, அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது. தலையின் அகலத்தில் எவ்வளவு பங்கு கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கிறது என்று அளப்பதுதான் விலகல் சதவீதம். 30ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 100 என்றால் முழுக்க நழுவிவிட்டது.

சிறுமியின் வலது இடுப்பு 58. இடது 29.

பழைய படங்கள் கிடைக்குமா என்று கேட்டோம். அம்மா தன் பீரோவில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். இரண்டு வயதிலும் நான்கு வயதிலும் எடுத்த படங்கள், அறிக்கையோடு. இரண்டு அறிக்கைகளிலும் ஒரே வாசகம்: ‘இடுப்பு மூட்டு நழுவல் இல்லை.’ நாங்கள் கோடு போட்டு அளந்தோம். இரண்டு வயதில் வலது 18. நான்கு வயதில் 36.

அறிக்கைகள் பொய் சொல்லவில்லை. 36 என்பது நழுவல் அல்லதான். ஆனால் 18லிருந்து 36க்குப் போன மூட்டு அங்கேயே நிற்கப் போவதில்லை என்பதை அந்த வாசகத்தால் சொல்ல முடியாது.

## தரநிலை என்ன சொல்கிறது, எங்கே விட்டுப்போனது

இடுப்பைக் கண்காணிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006ல் வெளியான ஆய்வில், பெருமூளை வாதமுள்ள குழந்தைகளில் 35 சதவீதத்தினருக்கு இடுப்பு விலகியிருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை; நான்காம் நிலையில் 69 சதவீதம், ஐந்தாம் நிலையில் 90 சதவீதம். நைஸ் அமைப்பின் 2012ஆம் ஆண்டு விறைப்பு வழிகாட்டுதல், இரு பக்கமும் பாதிக்கும் பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்கு இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுக்கவும், விலகல் 30ஐத் தாண்டினால் ஆறு மாதத்தில் மறுபடி எடுப்பதைக் கருதவும் சொல்கிறது.

இந்தச் சிறுமிக்கு இரண்டு வயதில் எடுத்தார்கள். நான்கு வயதிலும் எடுத்தார்கள். தரக் கணக்கெடுப்பு என்று யாராவது வந்து ‘இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா?’ என்று கேட்டிருந்தால், பதில் ‘ஆம்’. டிக் போடும் கட்டத்துக்கு ஒரு குணம் உண்டு: நிரம்பிவிட்டால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

36 என்ற எண் நான்கு வயதிலேயே எழுதப்பட்டிருந்தால், அடுத்த ஆறு மாதத்தில் படம், எலும்பு அறுவை நிபுணரிடம் பரிந்துரை என்று ஒரு வழி திறந்திருக்கும். எண் இல்லாததால் அந்த வழியும் இல்லை. பிறகு ஊர் மாறியதில் ‘எடுக்கப்பட்டது’ மட்டும் பயணம் செய்தது.

ஸ்வீடனின் அனுபவம் இங்கே பேச வேண்டியது. அதன் தென்பகுதியில் 1994ல் சிபியுபி என்ற கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. 2005ல் அது நாடு தழுவிய தரப் பதிவேடானது. அங்கே எக்ஸ்ரே எடுத்தார்களா என்பதோடு விடாமல், விலகல் எவ்வளவு, மூட்டு எத்தனை டிகிரி அகல்கிறது என்ற எண்களையும் ஏற்றுகிறார்கள். அசைவின் அளவுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வந்துவிடும். சிவப்பு வந்தால் யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். திட்டத்துக்கு முன் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு இடுப்பு முழுக்க நழுவியது; திட்டத்துக்குள் வளர்ந்த குழந்தைகளில் அது நூற்றில் ஒன்றுக்கும் கீழே போனது.  அங்கே செய்த அறுவை முறைகள் பிற நாடுகளில் உள்ளவையே. முக்கியமாக, சரியான நேரத்தில் அளந்து, அளந்ததன்மேல் நடவடிக்கை எடுத்தார்கள்.

## எடுத்த முடிவுகள்

உடனடியாகச் செய்தது வலியைக் குறைப்பது. நேரம் தவறாமல் வலி மருந்து, மலமிளக்கி, பல் சிகிச்சை. நாற்காலியின் இருக்கையை மாற்றி வலது தொடைக்குக் கூடுதல் தாங்கல் கொடுத்தோம். வலது இடுப்பை நீட்டி இழுக்கும் பயிற்சியை நிறுத்தினோம். நிற்கும் சட்டத்தையும் தற்காலிகமாக விட்டோம். நடத்தைப் பயிற்சியை, குறிப்பாக ‘அழுதால் கண்டுகொள்ளாதே’ என்பதை, அன்றே நிறுத்தச் சொல்லிப் பள்ளிக்கும் எழுதினோம். இரவுத் தசைப்பிடிப்புக்குக் குறைந்த அளவு பேக்ளோஃபென் தொடங்கினோம். வலிப்பு உள்ள குழந்தை என்பதால் அளவைக் கூட்டுவதில் நிதானம் காட்டினோம்.

பத்து நாளில் இரவு விழிப்பு பாதியாகக் குறைந்தது. அழுகைக்குக் காரணம் வலி என்பதற்கு இதைவிடச் சான்று தேவைப்படவில்லை.

அடுத்த கேள்வி மூட்டை என்ன செய்வது என்பது. தசையைத் தளர்த்தும் ஊசியைப் பற்றி, ‘போட்டாக்ஸ் ஊசி போட்டுப் பார்க்கலாமா?’ என்று பெற்றோர் முதலில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், கத்தி வைக்காத வழியை யார்தான் தேடமாட்டார்கள்? ஆனால் ஊசியும் இடுப்புப் பட்டையும் சேர்த்துக் கொடுத்த சோதனை ஆய்வு ஒன்று, 2008ல் வெளியானது, அவற்றால் விலகல் நிற்பதில்லை என்று காட்டியிருக்கிறது. அதை அப்படியே சொன்னோம். 58 என்ற நிலையில் தசையை மட்டும் தளர்த்தும் சிறிய அறுவையும் போதாது என்பது அறுவை நிபுணரின் கருத்து. தொடை எலும்பை வெட்டிக் கோணத்தைத் திருத்தித் தகடு வைப்பது, வலப்பக்கம் கிண்ணத்தின் கூரையையும் சரிசெய்வது என்று அவர் திட்டமிட்டார். இடது 29 தான் என்றாலும், ஒரு பக்கம் மட்டும் செய்தால் இடுப்பு சாய்ந்து மறுபக்கமும் கெடும் வாய்ப்பு அதிகம் என்பதால் இரு பக்கமும்.

வீட்டில் பாட்டி கேட்ட கேள்விதான் கடினமானது. ‘ஏம்மா, நடக்கப் போறதில்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இந்தப் பிள்ளைய அறுக்கணும்?’ இதற்கு நாங்கள் சுற்றி வளைக்கவில்லை. நடப்பதற்காக இல்லை. வலி இல்லாமல் உட்கார, புரண்டு படுக்க, கால் அகல டயப்பர் மாற்ற, பள்ளியில் முழு நாள் இருக்க. இப்படியே விட்டால் மூட்டு முழுக்க நழுவி, குருத்தெலும்பு தேய்ந்து, பெரியவளானபின் சரிசெய்யவே முடியாத வலியாகலாம். பாட்டி சற்றுநேரம் பேசவில்லை. ‘அப்ப அவகிட்டயும் சொல்லுங்க’ என்றார். சொன்னோம், படங்களை வைத்து. எல்லாம் புரிந்திருக்கும் என்று சொல்ல மாட்டோம். ‘கால்ல கட்டு இருக்கும், அம்மா கூடவே இருப்பாங்க’ என்ற பகுதியை மறுபடி மறுபடி காட்டச் சொல்லிக் கண்ணால் கேட்டாள்.

குழுவுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் இருந்தது. விலகல் இன்னும் கூடுவதற்குள் உடனே செய்துவிட வேண்டும் என்றார் அறுவை நிபுணர். ஊட்டச்சத்து நிபுணரும் குழந்தை மருத்துவரும் ஒப்பவில்லை. சிறுமியின் எடை குறைவு, வைட்டமின் டி அளவு குறைவு. நடக்காமல், வலிப்பு மருந்தும் எடுக்கும் குழந்தையின் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும், அதில் திருகு எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார்கள். பன்னிரண்டு வாரம் என்று முடிவானது. அதற்குள் எடையைக் கூட்டுவது, வைட்டமின் டி, மார்புச் சளியைக் கவனிப்பது. பன்னிரண்டு வாரத்தில் மூட்டு அதிகம் கெடாது. மெலிந்த உடலோடு மேசைக்குப் போனால் நிறையக் கெடும். இந்தத் தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறோம்.

கடைசியாக, ஒருங்கிணைப்பாளர் என்று ஒரே ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்தோம். எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருவர். சிறுமிக்கென ஒரு தனிக் கோப்பும் திறந்தோம்: பெருமூளை வாதத்தின் வகை, நிலை, மருந்துகள், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, விலகல் எண்கள் தேதியோடு. முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில்: ‘நான் மேலே பார்த்தால் ஆமாம். முகத்தைத் திருப்பினால் இல்லை.’

## அதன் பின் நடந்தவை

அறுவை திட்டமிட்டபடி முடிந்தது. அதற்குப் பிந்தைய வாரங்கள் சுலபமாக இல்லை.

இரண்டாம் நாள் வாந்தியால் வலிப்பு மருந்து ஒருவேளை உள்ளே தங்கவில்லை; அன்றிரவு வலிப்பு வந்தது. கோப்பில் இருந்த அவசரக் குறிப்பைப் பார்த்து வார்டு செவிலியர் சில நிமிடங்களில் மருந்து கொடுத்தார். மூன்றாம் வாரத்தில், கட்டுக்குள் இருந்த இடது குதிகாலில் அழுத்தப் புண். கண்டுபிடித்தது அம்மா. ‘முழங்காலா?’ என்றால் முகத்தைத் திருப்புகிறாள், ‘இடுப்பா?’ என்றாலும் திருப்புகிறாள், ‘பாதமா?’ என்றதும் மேலே பார்க்கிறாள் என்று தொலைபேசியில் சொன்னார். கட்டைத் திறந்து பார்த்தால் சிவந்து தோல் உரிந்த இடம். ஆழமாகும் முன் பிடிபட்டது.

தூக்கம் அறுவைக்குப் பின் ஆறு வாரம் மோசமாகத்தான் இருந்தது. பெற்றோர் அந்தச் சமயத்தில் ‘தப்புப் பண்ணிட்டோமோ’ என்று கேட்டார்கள். முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தோம் என்றாலும், சொன்னது வேறு, அனுபவிப்பது வேறு.

மூன்றாம் மாதத்தில் நிற்கும் சட்டத்துக்குத் திரும்பினாள். ஆறாம் மாதத்தில் வலது இடுப்பு 40 டிகிரி வரை வலியின்றி அகன்றது. ஓராண்டு முடிவில் விலகல் வலது 11, இடது 14. பள்ளியில் முழு நாள் இருக்கிறாள். புறங்கைத் தழும்பு மங்கிவிட்டது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வீறிடல் முழுக்க நிற்கவில்லை. பள்ளியின் பெரிய கூடத்துக்கு அழைத்துப்போனால் இன்னும் வீறிடுகிறாள். அது வலி இல்லை, அங்குள்ள இரைச்சல் பிடிக்கவில்லை. கண்ணால் கேட்டால் சொல்கிறாள். காது மூடி போட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறாள்.

## எங்கள் நடைமுறையில் மாறியவை

இந்தச் சிறுமியின் பழைய பதிவைக் குறை சொல்லும் முன் எங்கள் பதிவேட்டையும் திறந்து பார்த்தோம். எங்களிடமும் அதே கட்டம், அதே டிக். பல வரிகளில் விலகல் சதவீதம் இல்லை.

‘எடுக்கப்பட்டது’ கட்டத்தை நீக்கினோம். அந்த இடத்தில் இப்போது வலது எண், இடது எண், முந்தைய எண்ணிலிருந்து வித்தியாசம், அடுத்த படத்தின் தேதி. எண் இல்லாமல் வரியை மூட முடியாது. எக்ஸ்ரே பிரிவில் முதலில் எதிர்ப்பு இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கோடு போட்டு அளக்க நேரமில்லை என்றார்கள். அது உண்மையும்கூட. எங்கள் பிசியோதெரபிஸ்டுகள் இருவர் அளவெடுக்கப் பயிற்சி பெற்றார்கள். சந்தேகம் உள்ளவற்றை மட்டும் கதிரியக்க நிபுணர் பார்க்கிறார். ஒரே படத்தை இருவர் அளந்தால் சில புள்ளிகள் வேறுபடும் என்பதால், சிறு மாற்றத்துக்கெல்லாம் பதற்றப்படுவதில்லை. 30ஐத் தாண்டினாலோ, ஓராண்டில் 10 புள்ளிக்கு மேல் கூடினாலோ பரிந்துரைக் கடிதம் போயாக வேண்டும். அதை எழுதுவது யார் என்று பெயரோடு வரியிலேயே இருக்கும்.

வலி பற்றிய கேள்வி எல்லா வருகைகளிலும் முதல் கேள்வியாகிவிட்டது. பேசாத குழந்தைக்கு, அவரவருக்கென அமைந்த வலி அடையாளங்களைப் பெற்றோரோடு சேர்ந்து எழுதிவைக்கிறோம்: இவள் வலியில் எப்படி இருப்பாள், மகிழ்ச்சியில் எப்படி இருப்பாள். நடத்தைக்காக வரும் எந்தப் பரிந்துரையும், வலிப் பரிசோதனையும் இடுப்பின் கடைசி எண்ணும் இல்லாமல் உளவியல் பிரிவுக்குப் போவதில்லை.

இதற்காகப் படிவத்தில் புதிய பக்கங்கள் சேர்க்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. எதிர்த்தோம். யாரும் படிக்காத ஆறு கட்டங்களை எடுத்துவிட்டுத்தான் இந்த நான்கையும் சேர்த்தோம்.

இடம் மாறும் குடும்பங்களுக்குச் சுருக்கக் குறிப்போடு எக்ஸ்ரே படங்களின் நகலையும் கையில் கொடுக்கிறோம். இந்த வழக்கில் படங்கள் கிடைத்தது ஓர் அம்மாவின் பழக்கத்தால். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பீரோ இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

## இப்போதைய நிலை

சிறுமிக்கு எட்டு வயது நெருங்குகிறது. தகடுகளை அகற்றும் அறுவை அடுத்த ஆண்டு. நடக்காத குழந்தைகளுக்குத் திருத்திய மூட்டு வளரும்போது மறுபடி விலகக்கூடும் என்பதால், எலும்பு வளர்ச்சி முடியும்வரை இடுப்புப் படங்கள் தொடரும். அடுத்தது ஆறு மாதத்தில். கடந்த பரிசோதனையில் முதுகெலும்பில் லேசான வளைவு தெரிந்தது. உட்கார்ந்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் 15 டிகிரி. கோப்பில் அந்த எண்ணும், தேதியும், மறுபடி அளக்க வேண்டிய மாதமும், அளக்க வேண்டியவரின் பெயரும் ஏறியிருக்கின்றன.